முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கைது

வாடின மல்லிகையும் பினாயிலும் கலந்த வாசம்... முந்தின கல்யாணத்தின் வாசம். ஜன்னல் எல்லாம் சாத்திய மண்டபத்துக்குள் நுழைந்ததும் அதுதான் முதலில் மூக்கில் ஏறியது.

தரையில் வரிசையாகக் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் தங்கச்சி செல்வி.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, தையல் பிசகிக் கழித்துப் போட்ட செகண்ட்ஸ் பனியன் வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா கணியூரில். இங்கே செல்விக்கு நான்தான் எல்லாம்.

செல்வியின் கல்லூரி ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் சாயம் கரைத்த மாதிரி சிவப்பாக வந்தது. பிள்ளைகள் மனு கொடுத்துப் பார்த்தார்கள், பதில் இல்லை. அன்றைக்குக் காலையில் அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து முன்னால் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, கல் இல்லை. ஒரு மணி நேரத்தில் போலீஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு வந்து இந்த மண்டபத்தில் அடைத்தார்கள்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். போராடினால் மண்டபத்தில் வைப்பார்கள், மதியம் தக்காளி சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு அப்படி இல்லை.

"தப்புக்கு வருந்துகிறேன், இனி எந்தப் போராட்டத்துக்கும் போக மாட்டேன்னு பிள்ளையும் வீட்டு ஆளும் கையெழுத்துப் போடணும். போடலைன்னா கேஸ்" என்றார் இன்ஸ்பெக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டார். "தம்பி, உன் தங்கச்சி டீச்சர் வேலைக்குப் படிக்குதாமே. கேஸ் விழுந்தா எந்த ஸ்கூல்ல எடுப்பான்?"

அதுதான் பயம். எங்கள் குடும்பத்தில் கவர்மெண்ட் வேலைக்குப் போகக்கூடிய ஒரே ஆள் அவள்.

பேனாவோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போட்டுரு கண்ணு. ஊட்டுக்குப் போயிரலாம்."

"நல்ல தண்ணி கேட்டது தப்புன்னு எழுதோணுமாண்ணா?"

"எழுதுனா என்ன கொறஞ்சு போச்சு?"

"நீங்க போடுங்க. நான் போடமாட்டேன்."

சுற்றிலும் பெற்றவர்கள் பிள்ளைகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். சிலர் கையெழுத்துப் போட எழுந்துவிட்டார்கள்.

அப்போதுதான் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. பெரிய அண்டாக்கள், வாழைமரம், காய்கறி மூட்டை. பின்னாலேயே வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர்.

"ஏனுங்க சார், நாளைக்கு எம்பட பொண்ணு முகூர்த்தமுங்க. இப்ப பொண்ணை அழைச்சுட்டு வந்துருவாங்களுங்க."

இன்ஸ்பெக்டர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் சுவரைப் பார்த்தான். காலையில் போலீஸ் சாவி கேட்டதும் பயந்துபோய் எடுத்துக் கொடுத்திருக்கிறான். மண்டபம் புக் ஆகியிருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

"கொஞ்ச நேரத்துல காலி பண்ணிடுவோம்" என்ற இன்ஸ்பெக்டர், எங்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கையெழுத்துப் போட்டவங்க கிளம்புங்க. மத்தவங்க வேன்ல ஏறுங்க."

வெளியே எட்டிப் பார்த்தேன். நிற்பது ஒரே வேன். மற்றதெல்லாம் காலையிலேயே போய்விட்டது.

வியாபாரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாருக்கு அவசரமோ, அவர்தான் இறங்கி வருவார். இவ்வளவு நேரம் அவசரம் எங்களுக்கு இருந்தது. இப்போது கை மாறிவிட்டது.

பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

பக்கத்தில் எழுந்து நின்றவர் எஸ்தர் அக்கா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, மகனுக்காக வந்தவர். "ஏந்தம்பி, போடலையா?"

"வேன் ஒண்ணுதானுங்க்கா நிக்குது. யாரும் எந்திரிக்காம உக்காந்தா அவங்க என்ன பண்ணுவாங்க? பொண்ணு வர்ற நேரமுங்க."

"சரக்கு விலை பேசற மூஞ்சியாட்டவே வெச்சிருக்கற" என்றார். ஆனால் உட்கார்ந்தார். எழுந்தவர்களையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வெளியே லத்தியோடு நின்ற போலீஸ்காரர்கள் வாசலை நெருங்கினார்கள். செல்வி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டது. பொண்ணை வரவேற்க ஆரத்தித் தட்டோடு வந்து நின்ற பெண்களில் ஒருவர் இன்ஸ்பெக்டரிடமே கேட்டார்.

"ஏனுங் சாமி, பொண்ணு உள்ள வர்றப்ப புள்ளைகளை அழுக அழுக இழுத்துட்டுப் போவீங்களா? நல்லாருக்குமுங்களா?"

இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, "பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

அந்த வாரமே ஹாஸ்டலுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. யார் அனுப்பினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. செல்வி டீச்சர் ஆகிவிட்டாள்.

இப்போது என் மகள் கோயம்புத்தூரில் ஒரு அரசுக் கல்லூரியில் படிக்கிறாள். கூடப் படிக்கும் ஒருவனை சஸ்பெண்ட் செய்ததற்காக, போன வாரம் எல்லாரும் வராந்தாவில் அமைதியாக அட்டை பிடித்து உட்கார ஆரம்பித்தார்கள். போலீஸ் வரவில்லை, வேன் வரவில்லை. பரவாயில்லையே, காலம் மாறிவிட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு ஒரு போன். ரொம்ப மரியாதையான குரல்.

"உங்க பொண்ணு போட்டோ எங்ககிட்ட இருக்கு சார். நாளைக்கு பாஸ்போர்ட் எல்லாம் எடுக்கணும்ல... சொல்லி வையுங்க."

மறுநாள் மகள் சொன்னாள். "பாதிப் பேர் வரலீங்கப்பா. ஏன்னு கேட்டா ஒருத்தரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

அந்தக் காலத்தில் எங்களை ஒரே மண்டபத்தில் அடைத்தார்கள். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இப்போது அவரவர் வீட்டில் அவரவரைத் தனித்தனியாக அடைக்கிறார்கள். அவர்களுக்கு அவசரமும் இல்லை. எத்தனை வீட்டுக்கு இந்தப் போன் போனதென்று கேட்க, இன்னொரு பெற்றவரின் நம்பர்கூட என்னிடம் இல்லை.

என் மகள் நாளைக்கும் போகிறாள். நான் தடுக்கவில்லை.

உங்களில் யாருக்காவது அந்தப் போன் வந்திருந்தால் சொல்லுங்கள். இன்பாக்ஸ் வேண்டாம்... எல்லாரும் பார்க்கிற மாதிரி, கீழேயே எழுதுங்கள்.