ஒரு குசினித் துடக்கு

முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவனை, மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் ஏற்றி ஊர் காட்டக் கூட்டிக்கொண்டு போவதைப் போல ஒரு தண்டனை வேறில்லை. முன்னால் ஓட்டுகிறவர் பிரேக் அடிக்க வேண்டிய இடங்களிலெல்லாம் என் வலது கால் தானாக நிலத்தை அமர்த்தும். வீடு வந்து சேரும்போது முழங்கால் வீங்கியிருக்கும். இதற்குப் பெயர் உல்லாசப் பயணம்.

எங்கள் வளவு, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில், விசுவமடுவுக்குச் சற்று முன்னால் இறங்கும் கிரவல் பாதையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் தாயின் நினைவாகக் கட்டிக் கொடுத்த பன்னிரண்டு சிறிய வீடுகள். ஒரு அறை, ஒரு விறாந்தை, ஒரு குளியலறை. குசினி மட்டும் எல்லோருக்கும் பொது. வாசல் பலகையில் ‘முதியோர் கிராமம்’ என்று எழுதியிருக்கிறது. நாங்கள் வளவு என்றுதான் சொல்வோம். கிராமம் என்றால் ஒரு நாய்க்குட்டியாவது, ஒரு கள்ளனாவது இருக்க வேண்டாமா?

குறை சொல்லக்கூடாது. நேரத்துக்குச் சாப்பாடு வரும். காலையில் மண்டபத்தில் கதிரையில் இருந்தபடியே கையைத் தூக்கி இறக்கும் உடற்பயிற்சி. வெள்ளிக்கிழமை பஜனை. மற்ற நாளில் கரம் போர்ட். எல்லாம் நல்லதுதான். ஆனால் எனக்கு இப்போது நல்லதுகளே அலுப்பாக இருக்கின்றன. ஒருவர் சிரித்துக்கொண்டு வந்து, “வாங்கோ ஐயா, எல்லாரும் சேர்ந்து பாடுவம்” என்று கூப்பிட்டால், எங்கேயாவது போய்ப் படுத்துவிடலாம் போல இருக்கும். என் மனிசி செத்துப் போனபிறகு வந்த அலுப்பு இது. அது நித்திரை கொண்டு தீருகிற அலுப்பில்லை.

பயணம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. எங்கே போவது என்பதை வீட்டு இலக்கப்படி ஒவ்வொரு மாதம் ஒவ்வொருவர் சொல்ல வேண்டும். ஒருவர் ஆனையிறவு என்றார். கொதிக்கிற வெயிலில் வரிசையாக நின்று உப்பைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒருவர் இரணைமடுக் குளம் என்றார். குளத்தில் தண்ணீர் இருந்தது, பார்த்தோம். என்னுடைய முறை வந்தபோதெல்லாம் நான் பரந்தன் சந்தி என்றுதான் சொல்லியிருக்கிறேன். போய்த் தேத்தண்ணியும் வடையும் எடுத்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம். இதற்காகப் பலர் என்னோடு கோபம்.

இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, எல்லோரும் போக வேண்டும். ஒருவர் நின்றால் அவரைப் பார்க்க இன்னொருவர் நிற்க வேண்டும். சமைக்கிறவரும் எங்களோடு வருவதால் குசினியைப் பூட்டிவிடுவார்கள். இரண்டாவது, தப்பிய முறை தப்பியதுதான். ஒரு மாரியில் மழைக்குப் பயணம் நின்றுபோய், அந்த முறையை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு கிழமை சண்டை நடந்தது. அதன்பிறகு போட்ட சட்டம். முறை தவறினால் அடுத்த வருடம்தான். எங்கள் வயதில் அடுத்த வருடம் என்பது இலேசான பேச்சில்லை.

எட்டாம் வீட்டில் ஒரு அம்மா இருந்தார். எனக்குப் பக்கத்து வீடு. என்னை விட நாலு வயது மூத்தவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இனக் கலவரத்துக்குத் தப்பி இளம் பெண்ணாக வன்னிக்கு வந்து, ஆயுள் முழுவதும் மற்றவர்களின் வயலில் நாற்று நட்டவர். இத்தனை வருடம் போயும் பேச்சில் மலைநாடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். புருசன் இல்லை. ஒரு மகள் இந்தியாவில் என்று கேள்வி, முகவரி இல்லை. என்னை ‘ஐயா’ என்பார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை.

அவருக்குப் போன வருடம் கண் ஒப்பரேசன் நடந்தது. பார்வை திரும்பினால் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதாக நேர்த்தி. பார்வை திரும்பிவிட்டது. தன்னுடைய முறை வரட்டும் என்று பதினொரு மாதமாகக் காத்திருந்தார். புதுப் பானை வாங்கி விறாந்தையில் கவிழ்த்து வைத்திருந்தார். நான் தாண்டிப் போகும்போதெல்லாம், “இன்னும் மூணு மாசந்தான் ஐயா”, “இன்னும் ரெண்டு மாசந்தான் ஐயா” என்பார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போவேன்.

ஏழாம் வீட்டுக்காரர் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணப் பக்கத்து ஆள். யாரோடும் கதை இல்லை. காலையில் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்து மரண அறிவித்தல் கேட்பார். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும் என்று அது நீண்டுகொண்டு போகும். வளவு முழுக்க அதைக் கேட்டபடிதான் பல்லுத் தீட்டும். எட்டாம் வீட்டு அம்மா காலையில் குசினியில் உதவி செய்து, எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். கிளாக்கர் ஒருநாளும் அதைக் குடித்ததில்லை. தோட்டத்து ஆளின் கை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. “சீனி கூட” என்று சொல்லித் தள்ளி வைத்துவிடுவார். நாலு வருடமாகச் சீனி கூட.

எட்டாம் வீட்டு அம்மாவின் முறை வந்த மாதத்தில், பயணத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, ரேடியோ பாடவில்லை. போய்ப் பார்த்தபோது கிளாக்கர் கட்டிலில் கிடந்த கிடையிலேயே போயிருந்தார்.

வளவுப் பொறுப்பாளர் ஒரு நல்ல பெண். கோப்பைப் புரட்டிப் புரட்டித் தேடினார். கொடுத்திருந்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. கலியாணம் செய்தாரா, பிள்ளைகள் உண்டா, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாலு வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறோம். புதன்கிழமை எடுத்தோம். வளவில் புல் வெட்ட வருகிற மனிதர்தான் கொள்ளி வைத்தார். வியாழன் காலை ரேடியோவில் அறிவித்தல் போனது. பெயரைச் சொன்னார்கள், காலமானார் என்றார்கள். அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். அவர் கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

அன்று பின்னேரம் மண்டபத்தில் கூட்டம். சனிக்கிழமை கோயில் பயணம், போகலாமா, கூடாதா? செத்தவீட்டுக்காரர் முப்பத்தொரு நாள் தீட்டென்று துடக்குக் காப்பார்கள். கோயில் வாசலை மிதிக்கமாட்டார்கள். நாங்கள் செத்தவீட்டுக்காரரா, அல்லது அயலட்டையா? அதுதான் கேள்வி.

மூன்றாம் வீட்டு அம்மா ஆஸ்பத்திரியில் பெரிய நேர்ஸாக இருந்தவர். இன்னும் வார்டில் நிற்பதுபோலத்தான் பேசுவார். “அவர் எங்களுக்கு மாமனோ, மச்சானோ? சொந்தக்காரருக்குத்தான் துடக்கு. எங்களுக்கு ஒண்டுமில்லை. போவம்,” என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் நொந்துகொண்டிருந்தது. சுடலைக்கு நடந்து போய் வந்த அலுப்பு. வற்றாப்பளை என்றால் போக வர முழு நாள். என் முழங்காலை நினைத்தேன். எழுந்து நின்று, செத்தவர் மேல் எனக்கு என்னவோ உருக்கம் போல ஒரு குரலை வரவழைத்துக்கொண்டேன்.

“அப்பிடிச் சொல்லேலாது. நாலு வருசமா ஒரு குசினியில, ஒரு பானையில சாப்பிட்டனாங்கள். ஒரு பானைச் சோறெண்டால் துடக்கும் ஒண்டுதான். நாங்கள் காக்காமல் அந்த மனிசனுக்கு வேற ஆர் காக்கிறது?”

எட்டாம் வீட்டு அம்மாவின் நேர்த்தி எனக்கு அந்த நேரம் ஞாபகத்தில் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இருந்தது.

மூன்றாம் வீட்டு அம்மா மறுப்புச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து எட்டாம் வீட்டு அம்மா எழுந்துவிட்டார். “ஐயா சொல்றதுதான் சரி. நான் துடக்குக் காக்கிறேன். நான் கோயிலுக்கு வரல்ல,” என்றார். முறைக்காரியே வரவில்லை என்றால் பிறகென்ன கதை? அதுவும் அந்த மனிசன் நாலு வருடமாகத் தேத்தண்ணியைத் தள்ளி வைத்த பெண். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். பயணம் நின்றது. பொறுப்பாளர் கொப்பியில் எட்டாம் இலக்கத்துக்கு நேரே கோடு போட்டார்.

சனிக்கிழமை நான் நாள் முழுக்கப் படுத்திருந்தேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. நித்திரை மட்டும் வரவில்லை.

துடக்கு என்று சொன்னால் சும்மா இருக்க முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை. முப்பத்தொன்று முடியும் வரை குசினியில் மீன் இல்லை என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். என் வாயால் என் மீனும் போனது. சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பேரும் பூசணிக்காயை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமைப் பஜனையும் நின்றது. அது ஒன்றுதான் இலாபம்.

ஏழாம் வீட்டு விறாந்தையில் எட்டாம் வீட்டு அம்மா ஒவ்வொரு நாள் பின்னேரமும் ஒரு விளக்கு வைத்தார். பக்கத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி. ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சீனி கூடன்னு சொல்லுவாருல்ல. அதான் கொறைச்சுப் போட்டிருக்கேன்.”

அவருடைய பானை விறாந்தையில் கவிழ்த்தபடியே கிடந்தது. நான் குசினிக்குப் போக, மண்டபத்தைச் சுற்றிப் போகிற மற்றப் பாதையைப் பிடித்தேன். தூரம் கூட. முழங்கால் நொந்தது. நல்லாய் நோகட்டும் என்று நடந்தேன்.

முப்பத்தோராம் நாள் வியாழக்கிழமை வந்தது. ஐயர் வந்து மண்டபத்தில் கிரியை செய்தார். பதினொரு பேரும் வரிசையாக இருந்து சாப்பிட்டோம். எழும்பும்போது மூன்றாம் வீட்டு அம்மா என்னிடம், “செய்ததும் நல்லதுதான்,” என்றார். அவரிடம் பாராட்டு வாங்கியவர்கள் வளவில் குறைவு.

அந்தச் சனிக்கிழமை ஒன்பதாம் வீட்டின் முறை. அதாவது என்னுடையது. பொறுப்பாளர் கொப்பியோடு வந்து, கேட்காமலே எழுதத் தொடங்கினார். “பரந்தன் சந்திதானே ஐயா?”

“இல்லைப் பிள்ளை. வற்றாப்பளை எண்டு எழுதுங்கோ,” என்றேன்.

பஸ்ஸில் எட்டாம் வீட்டு அம்மா பானையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வழக்கமாக நான் முன்னால், சாரதியைத் திட்டுவதற்கு வசதியான இடத்தில் இருப்பவன். அன்று போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். புதுக்குடியிருப்பு தாண்டி வயல் வெளி வந்தபிறகு ஒருமாதிரிச் சொல்லிவிட்டேன். அண்டைக்குக் கூட்டத்தில் நான் சொன்னது செத்தவருக்காக இல்லை, பஸ்ஸில் ஏற அலுத்துப்போன பஞ்சியில் சொன்னது, உங்களுடைய பொங்கலைக் கெடுத்தது நான்தான் என்று.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை திரும்பிய கண்.

“தெரியும். நீங்க பஸ்ஸில காலை அமத்திக்கிட்டு வாறத நான் எத்தினை தடவை பாத்திருக்கேன்.”

“பிறகேன் ஓமெண்டு எழும்பினனீங்கள்? உங்கட முறையெல்லோ அது?”

அவர் பானையின் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“ரேடியோவில அவரைப் பத்திச் சொன்னதக் கேட்டீங்கதானே? பேரைச் சொன்னாங்க, முடிஞ்சிருச்சு. கச்சேரியில வேலை செஞ்ச மனுசனுக்கே அவ்வளவுதான். எனக்கு யாரு இருக்கா? ஒரு பானையில தின்ன எல்லாரும் துடக்குக் காக்கணும்னு நீங்க சொன்னீங்க. யாராச்சும் ஒருத்தருக்கு அது ஒரு தடவை நடந்துட்டா, பிறகு அத மாத்தமாட்டாங்க. அடுத்தது நானாத்தான் இருப்பேன் தம்பி. பொங்கல் ஒரு வருசம் பிந்தினா வற்றாப்பளை அம்மா கோவிக்க மாட்டா.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வயதில் பஸ்ஸுக்குள் இருந்து அழுவதற்கும் அலுப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். முன்வரிசையில் மூன்றாம் வீட்டு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அக்கா,” என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நீங்கள் முந்தினால், முப்பத்தொரு நாளும் நான் காக்கிறன். ஆர் விட்டாலும் நான் காப்பன். மீனும் தொடமாட்டன்.”

“மீனை விட வேணாம் தம்பி,” என்றார். “பூசணிக்காயத் தின்னு தின்னு நீங்க பட்ட பாட்டை நான் பாத்தேன். கோயிலுக்கு மட்டும் போகாம இருந்தாப் போதும்.”

நான் ஓம் என்றேன்.