நைனாவின் ஊசியும் அக்காவின் கையும்

ஸ்பிரிட் நனைத்த பஞ்சின் சில்லென்ற வாசனைதான் எங்கள் வீட்டில் விடிந்ததற்கு அடையாளம். மந்தைவெளியில் எங்கள் ஒற்றை அறையில், அம்மா இட்லித் தட்டை இறக்கும் நேரம், ஆட்டோ ஓட்டும் நைனா காக்கிச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா செல்வி அவர் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து இன்சுலின் போடுவாள். "சக்கரை"க்கு மாத்திரை மட்டும் போதாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து அது அவளுடைய வேலையாகிவிட்டது. ஃப்ரிட்ஜ் இல்லாததால் மருந்துச் சீசாவை ஈரமணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்திருந்தோம். அந்தச் சட்டியைத் தொடக்கூட எனக்கு அனுமதியில்லை.

"செல்வி குத்துனா எறும்பு கடிச்ச மாரி கூட இல்லம்மே" என்று நைனா அம்மாவிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை. நானும் போடுகிறேன் என்று கேட்டால், "நீ கம்முனு கெட கண்ணு, உனுக்கு கை நடுங்கும்" என்பார். யாரும் பார்க்காதபோது தலையணையைக் கிள்ளிப் பிடித்து, துடைப்பக் குச்சியால் குத்திப் பழகினேன்.

அக்கா பள்ளி முகாமுக்குப் போனபோது, என் முறை வந்துவிட்டதென்று விடிந்ததும் குளித்துத் தலைசீவிக் காத்திருந்தேன். நைனாவோ சுவர்ப்பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு தானே குத்திக்கொண்டார். அந்நேரம் பார்த்து வாசலில் யாரோ சவாரிக்குக் கூப்பிட, இட்லியைத் தொடாமலே கிளம்பிவிட்டார். அம்மா அதற்குள் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். ஆத்திரத்தோடு அந்தத் தட்டையே வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்த எனக்கு, "ஊசி போட்டா உடனே துன்னணும் நைனா" என்று அக்கா தினமும் சொல்வது திடீரென்று உறைத்தது.

ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். சவாரியை இறக்கிவிட்டு வந்தவர் ஹேண்டில்பார் மேல் சாய்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாகியிருந்தது, பேச்சு குழறியது.

"காலைலயே ஊத்திக்கினு வந்துட்டான்" என்று ஒரு டிரைவர் சிரித்தார்.

"நைனா குடிக்கமாட்டாரு! சுகர் எறங்கிட்ச்சு!" என்று கத்திவிட்டு, டீக்கடையில் சர்க்கரையைக் கரைத்து வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் குடிக்கவைத்தேன். சற்று நேரத்தில் தெளிந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"செல்விமா, வந்துட்டியா?" என்றார்.

அவர் பிழைத்த நிம்மதியும் அந்தப் பெயரைக் கேட்ட எரிச்சலும் ஒன்றாக வர, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

அந்த வீடும் ஸ்டாண்டும் இருந்த இடமே இன்று தெரியவில்லை. பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் நைனாவும் அம்மாவும் நானும் இருக்கிறோம்; கல்யாணமாகி நங்கநல்லூருக்குப் போன அக்கா ஞாயிறுகளில் வருவாள். சீசாவும் சிரிஞ்சும் போய், பேனா மாதிரி ஊசி வந்துவிட்டது. அளவைத் திருகி வைத்து, டிவி பார்த்தபடியே தானே போட்டுக்கொள்கிறார். அதை வாங்கி வந்த ஞாயிறன்று, "குடு நைனா, நான் போடறேன்" என்று முந்திக்கொண்டு கை நீட்டினேன்.

"இதுக்கு ஆளே வேணாம் கண்ணு" என்றார்.

பக்கத்தில் நின்ற அக்காவும் பாதி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.