கேட்டில் வண்டி எண்ணிய ஏழு நாள்

தண்டவாளத்து ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னால் பெரிய அதிகாரி வருகிறார் என்று அர்த்தம். ரயில்வேயில் கௌஸ் மொய்தீன் கற்ற முதல் பாடம் அதுதான். கல் வெள்ளையாக இருக்க வேண்டும், சட்டையில் எல்லாப் பட்டனும் இருக்க வேண்டும், கேட்டில் ஒரு மாடுகூட நிற்கக் கூடாது. மற்றதெல்லாம் அதிகாரியின் ஜீப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓசூரில் சிப்காட்டுக்குப் போகும் குறுக்கு ரோட்டை மீட்டர் கேஜ் பாதை வெட்டும் இடத்தில் அவர் எழுபத்தாறிலிருந்து கேட்கீப்பர். சேர்ந்த புதிதில் தளிப் பக்கமிருந்து பூ ஏற்றி வரும் வண்டிகளும் இரண்டு டிராக்டரும்தான் போக்குவரத்து. பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டின் இரண்டு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் திட்டு விழும். மூன்று மொழியும் தெரிந்து தொலைத்த மனிதர், எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் கேட்டைச் சாத்துவார். சாத்தினாரா இல்லையா என்று ரயில் ஓட்டி வருகிறவருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த கேட்டுக்கு சிக்னல் கிடையாது. எல்லாம் மொய்தீனை நம்பித்தான். பதினாறு வருஷத்தில் அங்கே ஒரு ஆடுகூட அடிபட்டதில்லை. அப்படியும் யாரோ ஒரு முதலாளி, வேண்டுமென்றே தாமதமாகத் திறக்கிறான் என்று எழுதிப்போட, மெமோ வந்தது. அந்தக் காகிதம் அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் அகலப் பாதைக்குத் திட்டம் போட்டார்கள். கைகாட்டி மரங்கள் போய் கலர் விளக்கு சிக்னல்கள் வரும். எந்த கேட்டை, சாத்தினால்தான் பச்சை விழும்படி அந்த சிக்னலோடு பிணைப்பது, எந்த கேட்டை ஆளில்லாமல் விடுவது என்று முடிவுசெய்ய ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஏழு நாள் உட்கார்ந்து வண்டிகளை எண்ண வேண்டும், அதை ஓடும் ரயில்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். தொகை பெரிதாக வந்தால் சிக்னல், சிறிதாக வந்தால் கேட்கீப்பரே கிடையாது. இது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். கேட்டில் நிற்கிற மனிதனிடமும் ஒரு வார்த்தை சொல்லலாமே என்று எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. அவருக்கு வந்தது ஒரே வரிதான். திங்கள் முதல் ஏழு நாள் கணக்கெடுப்பு, ஒத்துழைக்கவும்.

கணக்கெடுப்பை அவர் இன்ஸ்பெக்‌ஷன் என்றே எடுத்துக்கொண்டார். சனிக்கிழமையே கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மனைவி காத்தூன் கேட் ரூமைக் கழுவிவிட்டாள். பிறகு தெரிந்த டிரைவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பேசினார். முதல் ஆள் அழகர்சாமி. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்.

"அழகரு, ஒரு ஏழு நாளு ஹைவே பாலத்து வழியா சுத்திப் போயிருப்பா. ஆளுங்க ஒக்காந்து எழுதப் போறாங்க. கேட்டாண்ட வண்டி குமிஞ்சு கெடந்தா எம்மேல இன்னொரு மெமோ வந்துரும்."

"அம்புட்டுத்தான பாய்? எங்க கம்பெனி பஸ்ஸு மூணையும் சுத்தி விட்டுர்றேன். லாரிக்காரய்ங்ககிட்டயும் சொல்லிப்புடுறேன்."

சொன்னபடி செய்தார்கள். ஏழு நாளும் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. எண்ண வந்தவர்கள் புங்க மரத்தடியில் கொட்டாவி விட, மொய்தீன் வேளை தவறாமல் டீ வாங்கிக் கொடுத்தார். ஏழாம் நாள் இன்ஸ்பெக்டர் ராஜப்பன் வந்து தாள்களைப் புரட்டினார்.

"இவ்ளோதானா பாய்?"

"நம்ம கேட்ல கூட்டமே சேராதுங்க சார்" என்றார் மொய்தீன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

எட்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. அந்த கேட்டுக்கு ஆள் தேவையில்லை என்று போட்டிருந்தது. ராஜப்பன் விளக்கிச் சொன்ன பிறகுதான் தான் செய்த காரியம் மொய்தீனுக்கு விளங்கியது. அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எழுத்துல குடுத்தா உங்க மேலதான் ஆக்‌ஷன் எடுப்பாங்க பாய்."

"எடுக்கட்டுங்க சார். கேட்ல ஆளு இருக்கணும்."

எழுதிக் கொடுத்தார். தண்டனைக்கு மட்டும் யாரும் தாமதம் செய்யவில்லை. மூன்றே வாரத்தில் தருமபுரிப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. மறுபடி எண்ண உத்தரவு வர மூன்று வருஷம் ஆனது. அதற்குள் பாதையைப் பெயர்க்க ரயில்களை நிறுத்தியிருந்தார்கள். வண்டிகள் ஆயிரக்கணக்கில் போயின, ரயில் ஒன்றுகூட இல்லை. எண்ண வந்தவர்கள் ஒழுங்காக எண்ணி ஒழுங்காகப் பெருக்கினார்கள். விடை பூஜ்யம். அதையும் ஒரு பெரிய மனிதர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார்.

அகலப் பாதை வந்தது. டீசல் எஞ்சின் பறந்தது. பச்சையும் சிவப்புமாக சிக்னல்கள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. அந்த ரோட்டில் மட்டும் கேட்டைப் பிடுங்கிவிட்டு, நின்று கவனித்துச் செல்லச் சொல்லி ஒரு பலகை நட்டார்கள். லீவில் வரும்போதெல்லாம் மொய்தீன் அழகர்சாமியைத் தேடிப் போய், கிளீனரை இறக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு பஸ்ஸை எடுக்கும்படி கெஞ்சுவார். கிளீனர் வேலையைக் கம்பெனி நிறுத்தி வருஷமாகிறது என்று அழகர்சாமி சிரிப்பார்.

தொண்ணூற்றெட்டு தை மாதம், காலை ஷிப்ட். பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி. பஸ்மேல் ரயில் மோதியதில் அழகர்சாமியும் உள்ளே இருந்த ஆறு பேரும் செத்துப்போனார்கள்.

விசாரணைக்கு மொய்தீன் தானாகவே போனார். ஏழு நாள் கதையை முதலிலிருந்து சொன்னார். அதிகாரி மரியாதையாகக் கேட்டுவிட்டு, இது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்றார். அவர் சொன்னது எதுவும் தாளில் ஏறவில்லை. டிரைவர் நின்று கவனிக்கவில்லை, குற்றம் டிரைவருடையது என்று முடித்தார்கள்.

அழகர்சாமியின் மனைவி பார்வதி தொழிலாளர் குடியிருப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இறந்த ஆறு பேரின் வீடுகளும் அதே தெருவில்தான். மொய்தீன் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இந்தத் தெருவுல எங்கூட யாரும் பேசறதில்லண்ணே. எங்க வீட்டுக்காரவுகதான் கொன்னுட்டாகன்னு சொல்றாக. கொழாயடிக்குக்கூட என்னால போக முடியல. நீங்க சொன்னதை அந்த ஆறு வீட்டுலயும் போய்ச் சொல்றீகளா?"

போனார். முதல் வீட்டில் உட்காரச் சொன்னார்கள், கேட்டார்கள். "நீங்க நல்ல மனுசரு பாய். செத்தவன் மேல பழி வேணாம்னு பாக்கறீங்க. ஆனா அவன் நின்னிருக்கணுமில்ல?" என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே பேச்சு. நான்காவது வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. தன் குற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு வாசல் ஏறி இறங்கியும் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது பார்வதி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஒத்துக்கிட்டாகளாண்ணே?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"ஒத்துக்கிட்டாங்கம்மா" என்றார்.

மறுநாள் காலையில் பார்வதி தலையை வாரி முடிந்துகொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அங்கே ஆறு வீட்டுப் பெண்களும் வரிசையில் நின்றிருந்தார்கள்.