ஆறு பித்தளைப் பொத்தான்கள்

மலாக்கா அரசாங்கத்துக்கே இஸ்திரி போட்டவன் நான். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த காலத்தில் காஜா பெராங்கில் இருந்த என் டோபிக் கடைக்கு வராத காக்கி கிடையாது. போலீஸ், ஜெயில், தீயணைக்கிற பொம்பா, தபால், பஸ் என்று எல்லாம் பின்பக்கக் கொடியில் வரிசையாகத் தொங்கும். காற்று அடித்தால் மொத்த அரசாங்கமும் கையைக் காலை ஆட்டும்.

நான் படித்தது எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க விடவில்லை என்று யாரையும் குறை சொல்ல மாட்டேன், எனக்கே பிடிக்கவில்லை. ஜப்பான்காரன் போனதும் டவுனுக்கு வந்து ஒரு டோபிக் கடையில் துவைக்கச் சேர்ந்தேன். ஐந்தே வருடத்தில் சொந்தக் கடை. "ஊர் அழுக்கை வெளுக்கவாடா டவுனுக்குப் போனே?" என்று கேட்ட சொந்தக்காரர்கள்தான் கல்யாணம் காட்சி என்றால் வேட்டியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கஞ்சியைக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுத்தேன். பந்தியில் சம்மணம் போட முடியாமல் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உடுப்புக்கு மரியாதையா, உள்ளே இருக்கிற ஆளுக்கு மரியாதையா என்று கேட்டால் என்னைவிடத் தெரிந்தவன் எவன் இருக்கிறான்? ஆள் இல்லாத உடுப்பை நான் நாள் முழுக்கப் பார்த்தவன். கொடியில் தொங்கும்போது எந்தக் காக்கிக்கும் எவனும் சலாம் போட்டதில்லை. காக்கை மட்டும் வரும். அது வந்து செய்கிற காரியத்தை மரியாதை என்று சொல்ல முடியாது.

அந்தக் காலத்துக் காக்கிச் சட்டையில் பித்தளைப் பொத்தான் இருக்கும். துணியோடு தைத்திருக்காது. பின்னால் ஒரு சின்னக் கம்பி வளையம். அதை உருவினால் பொத்தான் கழன்று வரும். வெளுப்பதற்கு முன் எல்லாவற்றையும் கழற்றி, ஆளுக்கு ஒரு பால் டின்னில் போட்டு வைப்போம். சட்டை கஞ்சி குடித்துக் காய்கிற நேரத்தில் பொத்தானைப் புளி போட்டுத் தேய்த்துத் தயார் செய்வோம். டின்னுக்கு அடையாளமாகக் கயிறு கட்டியிருப்பேன். ஜெயிலுக்குச் சிவப்பு, பஸ்ஸுக்கு மஞ்சள், இப்படி. அத்தனை வருடத்தில் ஒரு பொத்தான் தொலைந்ததில்லை, ஒரே ஒரு முறை தவிர மாறியதும் இல்லை. அந்த ஒரு முறையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெருவிலேயே ஒரு ஜெயில் வார்டர் குடியிருந்தார். தமிழர்தான். தெருவில் நடந்தால் எதிரே வருகிறவனை ‘நீ எப்போது உள்ளே வரப் போகிறாய்?’ என்று கேட்பது போலப் பார்ப்பார். கோப்பிக் கடை முதலாளி, சீனத் தவுக்கே, அவரைக் கண்டதும் எழுந்து நிற்பார். தலைமுறையாக மலாய் பேசுகிற நம்மவர்கள் வாழும் செட்டிக் கம்பத்துப் பெரியவர் ஒருவர், நெற்றியில் திருநீறும் வாயில் மலாயுமாக, தினமும் "செலாமாட் பகி, துவான்" என்று காலை வணக்கம் சொல்வார். வார்டர் யாருக்கும் பதில் வணக்கம் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அவருக்கு ஒரு பெண். சட்டை மூட்டையை வாரா வாரம் அம்மாவோடு வந்து கொடுப்பாள். "போன வாரம் காலர்ல ஒரு சுருக்கம் இருந்துச்சு" என்பாள். "எங்க இருந்துச்சு?" என்றால், "இருந்துச்சு" என்பாள், அவ்வளவுதான். என் இஸ்திரியில் குற்றம் சொன்ன ஒரே ஆள் அவள். அதனாலேயே கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

பெரியவர்கள் யாரும் எனக்குத் துணைக்கு இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலையும் பழமும் வைத்து நானே போனேன். வெள்ளைச் சட்டை, என் சொந்தச் சட்டை. டோபிக்காரன் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

"என்ன தம்பி, என் சட்டை இன்னும் காயலியா?" என்றார் வார்டர்.

"சட்டை விஷயம் இல்லீங்க. உங்க பொண்ணு விஷயம்."

தாம்பாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எந்த டிப்பார்ட்மெண்டு நீ?"

"நம்ம கடைதாங்க."

"அதைக் கேக்கல. உடுப்பு உண்டா?"

"எங்கிட்ட நூறு இருக்குங்க."

உள்ளே யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள். வார்டர் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் ஊரான் உடுப்பு. இந்தா பாரு, மரியாதைங்கிறது சர்க்கார் குடுக்கிறது. உடுப்போட சேர்த்துக் குடுத்துடுவான். நாம கசங்காம மாட்டிக்கிட்டு நடந்தாப் போதும். புக்கிட் பாருவுல ஒரு போலீஸ்காரப் பையன் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பியிருக்கான். நான் அவனுக்குக் குடுக்கவா, சட்டை வெளுக்கிற உனக்குக் குடுக்கவா?"

"மரியாதை உடுப்புலதான் இருக்குன்னா, கசங்காம வச்சுக்கிறவன் நான்தானே? பாதி எனக்கு வரணுமே?"

அவர் மீசை லேசாக அசைந்தது. கோபமா வேறு எதுவுமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"மெர்டேக்கா அன்னிக்குப் பாடாங்கு மைதானத்துல அணிவகுப்பு. முன்வரிசையில நான் நிக்கிறேன். அன்னிக்கு உன் வேலை எப்படின்னு பார்ப்போம். அப்புறம் பேசு" என்றார். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு சட்டைக்கு நான் செய்ததை வேறு எவனும் செய்திருக்க மாட்டான். மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன். கஞ்சியைத் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். சட்டையைத் தரையில் நிறுத்தினால் தானாகவே நின்றது. சிலுவார் கால்சட்டையின் மடிப்பில் பலாப்பழம் அறுக்கலாம். அந்த வாரம் ஊரிலிருந்த காக்கி முழுக்க என் கடையில்தான். வேலையாட்கள் இரண்டு பேர் இருந்தும் பொத்தானை நானே தேய்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இன்னும் பளபளப்பாக வேண்டும் என்று இரண்டு டின்னை ஒரே புளித்தண்ணீரில் கொட்டினேன். ஒன்று வார்டருடையது, ஆறு பொத்தானிலும் மகுடம். இன்னொன்று பஸ் டிக்கட் இன்ஸ்பெக்டருடையது, ஆறிலும் சக்கரம். அளவு ஒன்று, நிறம் ஒன்று. தேய்த்து, துடைத்து, பிரித்துப் போட்டு, அழகு பார்த்து மாட்டினேன். பளபளப்பைத்தான் பார்த்தேன். படத்தைப் பார்க்கவில்லை.

மெர்டேக்கா அன்று காலையில் பஸ் இன்ஸ்பெக்டர் பனியனோடேயே வந்தார். வாய் கொஞ்சம் நீளமான மனிதர். சட்டையை விரித்துப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"ஏம்ப்பா, நாடே மகுடத்தை எறக்கி வைக்கிற நாள்ல என் நெஞ்சுல ஏத்தி வச்சிருக்கியே! நான் டிக்கட்டு பாக்கப் போறதா, முடிசூட்டிக்கப் போறதா?"

குனிந்து பார்த்தேன். ஆறும் மகுடம்.

"அண்ணே, அப்ப உங்க சக்கரம்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

சக்கரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. வார்டர் விடிந்ததுமே உடுத்திக்கொண்டு பாடாங்கு இருக்கிற பண்டார் ஹிலிருக்குக் கிளம்பியிருந்தார். சைக்கிளை எடுத்தேன். என் பின்னால் இன்ஸ்பெக்டர், "எனக்குச் சட்டை?" என்று கத்தினார். பனியனோடு அவரைக் கடையில் விட்டுவிட்டு மிதித்தேன். ஆற்றுப் பாலம் முழுக்கக் கொடியும் கூட்டமும். "மெர்டேக்கா! மெர்டேக்கா!" என்று ஆட்கள் கத்த, நானும் கத்திக்கொண்டே மணியடித்துப் புகுந்து போனேன்.

பாடாங்கில் அணி நின்றுவிட்டது. முன்வரிசையில் வார்டர். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சட்டை, நான் சொல்லக்கூடாது, ஆனால் அந்த வரிசையில் அப்படி ஒரு சட்டை இல்லை. வெயிலில் ஆறு பஸ் சக்கரமும் தகதகத்தன. பெரிய அதிகாரி ஒருவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். வார்டர் முன்னால் நின்றார். நெஞ்சைப் பார்த்தார். பெண் போயிற்று, கடை போயிற்று, வார்டருக்கு வேலையும் போயிற்று என்று நினைத்தேன். அதிகாரி ஏதோ சொன்னார், தலையை ஆட்டினார், அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

கலைந்ததும் வார்டர் என்னைக் கண்டு கையை வீசிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் பல்லை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி! பார்த்தியா? எங்கிட்ட மட்டும் நின்னாரு! 'வெரி ஸ்மார்ட்'னாரு! இத்தனை வருச சர்வீசுல ஒருத்தன் சொன்னதில்ல. வா, வீட்டுக்கு வா, பேசுவோம்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த வெளுப்புக்குச் சட்டை வரும், பொத்தானை மாற்றிவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் நான் என் வேலையில் கர்வம் பிடித்தவன். தப்பான பொத்தானோடு என் கடையிலிருந்து ஒரு சட்டை போய், அதற்கு ஒரு பாராட்டும் வாங்கி வந்தால் அந்தப் பாராட்டு எப்படி என் உடம்பில் ஒட்டும்?

"ஐயா, பட்டனைப் பாருங்க" என்றேன்.

குனிந்தார். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"ஆறுமா?"

"ஆறும்தாங்க. பஸ்ஸோடது. தப்பு என்னோடது."

"மாத்துப் பட்டன்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவசரத்தில் கழற்றிக்கொண்டு வரவில்லை. "கடையில இருக்குங்க."

"அப்ப எதுக்குடா இத்தனை தூரம் மிதிச்சு வந்தே?"

"சொல்லத்தான்."

அவர் தொப்பியைக் கழற்றி இடது கையில் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வலது உள்ளங்கையை விரித்து நெஞ்சில் வைத்து மேல் பொத்தான்களை மறைத்தார். அப்படியே நடக்க ஆரம்பித்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால்.

நம் மலாய்க்காரர்களுக்கு நெஞ்சில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தெரியும். உங்களை மனதார மதிக்கிறேன் என்று அர்த்தம். பாலத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்ப் பெரியவர் வார்டரைப் பார்த்தார். சட்டென்று எழுந்து தன் நெஞ்சிலும் கை வைத்துத் தலை குனிந்தார். "மெர்டேக்கா, துவான்!" வார்டர் திகைத்தார். கையை எடுத்தால் சக்கரம் தெரியும். எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்தது ஒரு பழக்கடைக்காரர். அடுத்தது பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு மலாய் அம்மா. காஜா பெராங் வருவதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் நெஞ்சுக்குப் போய்க்கொண்டே இருந்தன. எப்போதும் எழுந்து நிற்கிற சீனத் தவுக்கே அன்று எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சிரித்து, "வா, கோப்பி குடி!" என்றார். செட்டிக் கம்பத்துப் பெரியவர் மலாயில் என்னென்னவோ வாழ்த்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவங்களுக்கெல்லாம் இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றார் வார்டர் மெதுவாக.

"நீங்க வணக்கம் சொல்லிக்கிட்டே வர்றீங்க. அவங்க திருப்பிச் சொல்றாங்க."

"நான் எங்கடா சொன்னேன்?"

"கையைப் பாருங்க."

பார்த்தார். கை நெஞ்சில்தான் இருந்தது. அதை எடுக்காமலே நடந்தார்.

கடை வாசலில் பஸ் இன்ஸ்பெக்டர் பனியனோடு காத்திருந்தார். வார்டரின் நெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வந்துருச்சு நம்ம பஸ்ஸு! கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் எறங்குங்க!" என்றார். நான் பயந்து போனேன். வார்டர் சிரித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபின் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு பெரிய மனிதர்களும் பனியனோடு எதிரெதிரே உட்கார்ந்திருக்க, நான் வளையத்தை உருவி, சக்கரத்தைச் சக்கரத்துக்கும் மகுடத்தை மகுடத்துக்கும் மாட்டினேன்.

"அந்தப் புக்கிட் பாருப் பையனா இருந்தா சொல்லியிருப்பானா?" என்றார் வார்டர் திடீரென்று.

"எனக்குத் தெரியாதுங்க."

"சொல்லியிருக்க மாட்டான். சல்யூட் அடிச்சிட்டுப் போயிருப்பான்." சட்டையை மாட்டிக்கொண்டார். மேல் பொத்தானை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா. பழம் வேணாம். போன தடவை கொண்டாந்தது காய்."

கல்யாணம் ஆகிச் சில மாதம் கழித்துத்தான் என் மனைவி சொன்னாள். அன்று விடியலில் அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிட்டது அவள்தானாம். சக்கரத்தை அப்போதே பார்த்துவிட்டாளாம்.

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க வேலையைக் குத்தம் சொல்வாரே."

"நீதான் வாரா வாரம் சொல்வியே?"

"நான் சொல்லலாம்" என்றாள்.

மாமனார் அதற்குப் பிறகு பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாதாரண வெள்ளைச் சட்டை, இஸ்திரி என்னுடையது. மகுடமும் இல்லை, சக்கரமும் இல்லை, நாலு வெள்ளைப் பொத்தான். காலையில் பாசாருக்குப் போகும்போது எதிரே ஆள் வந்தால் அவர் கைதான் முதலில் நெஞ்சுக்குப் போகும், பிறகு எதிராளி கை. வீடு திரும்பி, காய்கறிப் பையை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே சொல்வார்:

"இன்னிக்குப் பதினேழு பேரு."