கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பவர்

காலையில் கிடங்குக்கு வந்ததும் மாமா தோள் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஏதாவது ஒரு கணினியின் பின்னால் குனிவார். நெட் கேபிளைப் பிடுங்குவார். கணினியை அணைத்து மறுபடி போடுவார். திரையின் மூலையில் நேரம் தெரிந்ததும் கைப்பேசியைப் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் கேபிளைச் செருகிவிட்டு, விரல் தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த கணினிக்குப் போவார்.

"நெட்டு இருந்தா எல்லா மெஷினும் யோக்கியந்தான் மாப்ள. வெளியில கேட்டுக் கேட்டு நேரம் சொல்லும். பிடுங்கிப் பார்த்தாத்தான் உள்ள இருக்கிற கடிகாரம் என்ன சொல்லுதுன்னு தெரியும்."

நெட்டில் வாங்கிய நேரத்தை அந்த உள் கடிகாரத்திலும் எழுதி வைக்க வேண்டும். அது தனி வேலை. விட்டுவிட்டால், கரண்ட் போய் வரும்போது கணினி பழைய தப்போடு எழுந்திருக்கும்.

மாமா என் அக்காவின் கணவர்; நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். கிடங்கின் கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அங்கேயே சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். மற்றவர்களுக்கு அவர் 'டைம் சார்'. பேக்கிங்கில் வாய் ஓயாத ஓர் அக்கா உண்டு.

"டைம் சார், என் வயசையும் கொஞ்சம் பின்னாடி தள்ளி வையுங்களேன்."

"அதுக்கு இன்னும் சர்வர் வரலைம்மா."

என் அக்கா இறந்து, காரியமெல்லாம் முடிந்து மாமா வேலைக்குத் திரும்பியபோது பையை மேசைமேல் வைத்தார். உட்கார்ந்தார். எந்தக் கேபிளையும் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே டிவி ஓடியது. என்ன ஓடியது என்று இருவருக்கும் தெரியாது.

அந்த நாட்களில் தெருவைத் தோண்டியவர்கள் பின்வாசலுக்குப் போகும் நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். பேக்கிங்காரர்கள் விரல் வைத்து வருகை பதியும் கணினி அங்கேதான் இருந்தது. பிறகு ஒருநாள் கரண்ட் போய் வந்தது. அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் மேனேஜர் பேக்கிங் அக்காவைக் கூப்பிட்டார். வருகைத் தாளில் தினமும் தாமதம் என்று இருந்தது. மற்றவர்கள் வெகு முன்னதாகவே வந்துவிடுகிறவர்கள். இவர் மட்டும் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு வந்து சேரும் பஸ்ஸில் வருகிறவர். நான் கையெழுத்து வாங்க நின்றிருந்தேன். மூலையில் மாமா பிரின்டருக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே நீங்க வர வேணாம்."

"நான் நேரத்துக்குத்தான் சார் வந்தேன்."

"அப்ப கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்ன கோபம்? பங்காளிச் சண்டையா?"

பேக்கிங் அக்கா மாமாவை ஒருமுறை பார்த்தார். தாளை மேசைமேல் தள்ளி வைத்தார்.

மாமா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பின்வாசலுக்கு நடந்தார். நானும் போனேன். திரைக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பிடித்தார். திரும்பி வந்து மேனேஜரிடம் சொன்னார்:

"மெஷின் முன்னால ஓடுது சார். தப்பு என்னோடது."

"உங்களோடதா?"

"நெட்ல நேரம் வாங்கினேன். உள்ள எழுதல. எழுதப் போறப்ப ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு. எழுந்து போயிட்டேன்."

பெட்டி எண்ணைப் படித்துக் காட்டுகிறவர்போலச் சொன்னார். மேனேஜர் தாளை மடித்தார். மடித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பிரித்தார்.

"நாளைக்கு வாங்கம்மா" என்றார்.

மறுநாள் மாமா பையோடு பின்வாசலில் குனிந்தார். கேபிள் அறுந்தே கிடந்ததால் பிடுங்கத் தேவையில்லை. நேரத்தைத் திருத்தி உள்ளே எழுதி, அணைத்து, போட்டு, பார்த்தார்.

வெகு நாள் கழித்து டீ நேரத்தில் பேக்கிங் அக்கா என்னிடம் சொன்னார்: "அந்த மெஷின் நேரம் தப்பா காட்டுதுன்னு எனக்கு முதல்லயே தெரியும் தம்பி. கையில போன் இருக்கே."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா யாரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க? அந்த மனுஷன் அப்ப பதில் சொல்ற நிலைமைலயா இருந்தாரு?"