எனக்கென்று ஒரு மடவை மீன்

எனக்கு அறுபத்திரண்டு வயது. ஆரம்பாக்கம் பக்கம் ஏரிக்கரையில் வீடு. கணவர் பிடித்து வரும் மீனை ரயிலில் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய் விற்பேன். நல்ல மீனெல்லாம் கூடைக்குப் போய்விடும். வீட்டில் ஆக்கினாலும் கணவருக்கும் மகனுக்கும் போட்டது போக எனக்குக் குழம்பும் சோறும்தான். வயதானவளுக்கு இது போதும் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு நாள் ரயில் படியில் ஏறும்போது கால்கள் துவண்டுவிட்டன. ரயில் நகர ஆரம்பித்தது. முன்னால் ஏறியிருந்த என் கூட்டாளி செல்வி கையைப் பிடித்து இழுக்காவிட்டால் தண்டவாளத்தில் விழுந்திருப்பேன். கூடை மட்டும் கீழே போனது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என்னைச் சோதித்துவிட்டு, "மீன் சாப்பிட மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"வால் துண்டு மிஞ்சினா துன்னுவேம்மா."

"வயசாக ஆகத்தான் மீன், முட்டை, பருப்பெல்லாம் ஒழுங்கா சாப்பிடணும். இல்லன்னா சதை கரைஞ்சி கால்ல பலம் போயிடும்."

வீட்டில் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் மீனு புடிச்சித் தர்றேன். என் பொண்டாட்டி வெறுங்கொழம்பு துன்றாளா?"

இப்போது கூடையை நிரப்பும் முன்பே எனக்கு ஒரு மடவை எடுத்து வைத்துவிடுகிறேன். மீன் வராத நாளில் முட்டை. கூடையைத் தூக்கித் தலையில் வைக்க யாரையும் கூப்பிடுவதில்லை.

போன வாரம் கரைக்கு வந்த வியாபாரி, "அந்தப் பெரிய மடவை இன்னா வெல?" என்று கேட்டார்.

"வேற பாருப்பா. அத நான் துன்னப் போறேன்" என்றேன்.