வாய் திறக்காத முதல் நாள்

சாயல்குடி பக்கம் கிராமம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு மாதம் தினமும் கைகட்டி உட்கார வைத்துப் பழக்கினேன். "டீச்சர் கேட்டாத்தான் வாயத் தெறக்கணும்" என்பேன்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறீகளா, போலீசு வேலைக்கா?" என்று மனைவி கேலி செய்வாள்.

முதல் நாள் நானே புது ஷூவை மாட்டி, கொண்டுபோய் விட்டுவந்தேன். மதியம் டீச்சர் போனில் அழைத்தார். ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளையின் வலது கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. இரவெல்லாம் வாசலில் கிடந்த ஷூவுக்குள் பூரான் புகுந்திருக்கிறது. நான் உதறிப் பார்க்கவில்லை. காலை பிரேயரில் நிற்கும்போதே கடித்துவிட்டதாம். சாப்பிட எழுந்தவள் நொண்டியதைப் பார்த்துத்தான் டீச்சருக்கே தெரிந்திருக்கிறது.

"ஏத்தா, டீச்சர்ட்ட சொல்லலாம்ல?"

"அவுக என்னைய ஒண்ணும் கேக்கலப்பா."

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "பூரானோட போச்சு. பாம்புக்குட்டியா இருந்தா?" என்றார்.

இப்போது ஷூவை வீட்டுக்குள் வைத்து, உதறித்தான் மாட்டுகிறேன். பள்ளி வாசலில் அவளிடம் நான் சொல்வது ஒன்றுதான். "வலிச்சா, யாரும் கேக்காட்டியும் சொல்லிரு தாயி."